சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு வருஷத்து முட்டை

பொள்ளாச்சி பக்கம் இருக்கும் என் சித்தி பொண்ணு வாட்ஸ்அப்பில் ஒரு ரீல் அனுப்பியிருந்தாள். அமெரிக்காவில் ஏதோ ஒரு பண்ணை வீடு. ஒரு அம்மா பெரிய கண்ணாடி ஜாடிக்குள் கையை விட்டு, அடியில் வெள்ளையாக மண்டி படிந்த தண்ணீரிலிருந்து ஒரு முட்டையை எடுக்கிறார். போன வருஷம் போட்டதாம். உடைத்து வாணலியில் ஊற்றுகிறார். மஞ்சள் கரு கலையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஃப்ரிட்ஜ் கிடையாது, கரன்ட் கிடையாது. தண்ணீரும் சுண்ணாம்பும் மட்டும்தான்.

ரீலுக்குக் கீழே ஒரு வரி: "ஏனுங்ணா, இது நெசமா?"

அவளிடம் 30 நாட்டுக்கோழிக்கு மேல் இருக்கிறது. சில வாரம் முட்டை பத்தாது. சில வாரம் கூடை கூடையாக மிஞ்சும், கடைக்காரர் எடுக்க மாட்டார். அதனால் கேள்வி வெறும் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. வீட்டில் இரண்டு சின்னப் பசங்க வேறு இருக்கிறார்கள். நான் கோட் எழுதிப் பிழைக்கிறவன், உணவு வேதியியல் படித்தவன் இல்லை. ஆனாலும் "பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தது ஐந்து வாரம் இழுத்துக்கொண்டு போனது. பழைய வேளாண் துறைப் பிரசுரங்கள் அப்படி, உள்ளே போனால் வெளியே வர மனசு வராது.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நெசம்தான். 150 வருஷத்துக்கு மேல் லட்சக்கணக்கான வீடுகளில் இதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் பொள்ளாச்சியில் வேண்டாம். ஏன் என்று சொல்ல, முட்டையிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

முட்டை என்பது ஒரு குஞ்சுக்கு 21 நாள் வீடு. 38 டிகிரிச் சூட்டில், கோழியின் வயிற்றுக்கடியில், எச்சமும் மண்ணும் பட்டுக் கிடந்தாலும் உள்ளே கிருமி போகாமல் இருக்க வேண்டும். அதற்கான ஏற்பாடு இட்ட அன்றே அதில் இருக்கிறது. ஓடு கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல். அதில் சுமார் 7,000 முதல் 17,000 வரை நுண்துளைகள். குஞ்சு மூச்சு விட வேண்டுமே. அந்தத் துளைகளின் வாயை அடைத்தாற்போல வெளியே ஒரு மெல்லிய படலம். முட்டை வெளியே வரும்போது ஈரமாகப் பளபளவென்று இருந்து, சில நிமிஷத்தில் காய்ந்துவிடுகிறதே, அதுதான். ஓட்டுக்கு உள்பக்கம் இரண்டு சவ்வுகள்.

இதையெல்லாம் தாண்டி ஒரு பாக்டீரியா உள்ளே வந்துவிட்டால் வெள்ளைக்கரு காத்திருக்கிறது. பெனிசிலின் புகழ் அலெக்சாண்டர் ஃபிளெமிங் அதற்கு முன்னால், 1922இல், லைசோசைம் என்ற பொருளை அறிவித்தார். சில வகை பாக்டீரியாக்களின் சுவரைக் கரைத்துவிடும் நொதி அது. நம் கண்ணீரில் இருக்கிறது, வெள்ளைக்கருவில் ஏராளமாக இருக்கிறது. வெள்ளைக்கருவில் இன்னொரு புரதம் இரும்புச்சத்தை இறுகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரும்பு கிடைக்காமல் கிருமிக்குப் பெருக வழியில்லை. சோறு நிறைய இருக்கிறது, ஆனால் பூட்டு போட்ட அறையில் இருக்கிறது. இந்த இரும்புப் பூட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் முட்டை எப்படிக் கெடுகிறது? நாள் ஆக ஆகத் துளைகள் வழியாக இரண்டு வெளியே போகின்றன: நீராவி, கார்பன் டை ஆக்சைடு. நீர் போகப் போக மழுங்கின பக்கத்தில் இருக்கும் காற்றறை பெரிதாகும். எங்கள் அம்மிச்சி அடை வைக்குமுன் முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது இதைத்தான். புதுசு அடியில் படுக்கும், பழசு நிமிர்ந்து நிற்கும், ரொம்பப் பழசு மிதக்கும். கார்பன் டை ஆக்சைடு போவதால் வெள்ளைக்கருவின் காரத்தன்மை ஏறும். கெட்டியாக நின்ற வெள்ளை நீர்த்துப்போகும். மஞ்சள் கருவைச் சுற்றிய சவ்வு தளரும். வாணலியில் ஊற்றினால் கரு கலைந்து ஓடும் முட்டை இப்படிப்பட்ட முட்டைதான்.

ஆக, பழங்காலத்து முட்டைப் பாதுகாப்பு எல்லாமே கடைசியில் ஒரே வேலைதான். அந்த ஆயிரக்கணக்கான துளைகளை அடைக்க வேண்டும், அதுவும் முட்டை இட்ட சூட்டோடு சூடாக.

இதற்கு இவ்வளவு மெனக்கெட்டது யார் என்று பார்த்தால், பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள். கோழி முட்டையிடுவதைப் பகல் வெளிச்சம்தான் தீர்மானிக்கிறது. லண்டனில் ஜூன் மாதத்துப் பகல் 16 மணி நேரத்துக்கு மேல், டிசம்பரில் 8 மணி நேரம்கூட இல்லை. அங்கே வசந்தகாலத்தில் முட்டை கொட்டும், குளிர்காலத்தில் கோழி நிறுத்திவிடும். ஏப்ரலில் மலிவு, டிசம்பரில் தங்க விலை. அதே டிசம்பரில்தான் கிறிஸ்துமஸ் கேக் வேறு. பொள்ளாச்சியில் வருஷத்தின் நீளமான பகலுக்கும் குறுகலான பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம். நம் கோழிகள் அடைக்கு உட்காரும்போதும் இறகு உதிர்க்கும்போதும் நிறுத்துமே தவிர, ஊர் மொத்தமும் நாலு மாசம் முட்டையில்லாமல் இருந்ததில்லை. நம்மூரில் அம்மிச்சி தானியப் பானைக்குள் முட்டையைப் புதைத்து வைத்ததெல்லாம் அடை வைக்கும் வரைக்குமான சில நாள் கணக்கு. (இன்றைய நாமக்கல் பண்ணைகள் பல்பு போட்டு வெளிச்ச நேரத்தைக் கூட்டுவது வேறு கதை.)

18ஆம் நூற்றாண்டு பிரான்சில் ரெயோமூர் என்ற அறிஞர் முட்டைக்கு வார்னிஷ் அடித்துப் பார்த்தார். பழைய வெப்பமானி அளவு ஒன்றுக்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான். வார்னிஷ் வேலை செய்தது. பிறகு கொழுப்பைத் தடவினாலே போதும் என்று கண்டார். 1791இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஜெய்ன் என்பவர் சுண்ணாம்பு, உப்பு, கிரீம் ஆஃப் டார்ட்டர் கலந்த தண்ணீரில் முட்டையைப் போட்டு வைக்கும் முறைக்குக் காப்புரிமையே வாங்கினார். 19ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்பு முட்டை ஒரு தனி வியாபாரம். பெரிய தொட்டிகளில் போட்டு வைத்துக் குளிர்காலத்தில் விற்றார்கள். புது முட்டையைவிட விலை குறைவு. ஓடு சொரசொரவென்று இருக்கும், வெள்ளை நீர்த்திருக்கும், லேசாகச் சுண்ணாம்பு வாடை அடிக்கும்.

சுண்ணாம்பு என்ன செய்கிறது? இது நமக்குப் புதிதே இல்லை. பனையில் கட்டும் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் விடிகாலையில் பதநீர். தடவாமல் விட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்டும் பாக்டீரியாவும் தலையெடுக்க முடியாது, அதனால் சாறு புளிக்காது. நீற்றிய சுண்ணாம்பு தண்ணீரில் கொஞ்சமாகத்தான் கரையும், லிட்டருக்கு 2 கிராம்கூட இல்லை. அந்தக் கொஞ்சமே அமிலகார அளவை 12க்கு மேல் கொண்டுபோய்விடும். அதில் சாதாரணக் கிருமிகள் பிழைப்பது கஷ்டம்.

முட்டையில் கூடவே இன்னொன்றும் நடக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது இது. முட்டையிலிருந்து வெளியே வரப்பார்க்கும் கார்பன் டை ஆக்சைடு, துளை வாயிலேயே சுண்ணாம்புத் தண்ணீரைச் சந்திக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கால்சியம் கார்பனேட். அதாவது ஓடு எதனால் ஆனதோ அதே பொருள் துளைக்குள் உருவாகி அதை அடைத்துவிடுகிறது. சுவருக்கு வெள்ளையடித்தால் காய்ந்து கல்லாக இறுகுவதும் இதே வேதிவினைதான்.

சுண்ணாம்புக்குப் போட்டியாக வந்தது வாட்டர் கிளாஸ். சோடியம் சிலிகேட்டின் பாகு போன்ற கரைசல். ஜெர்மன் வேதியியலாளர் ஃபூக்ஸ் 1818இல் கண்டுபிடித்த இந்தக் குடும்பப் பொருள் இன்றும் சோப்புத்தூளிலும் அட்டைப்பெட்டிப் பசையிலும் போகிறது. இது துளைகளைச் சிலிக்கா கூழால் அடைக்கும், சுண்ணாம்பு வாடையும் வராது. அமெரிக்க வேளாண் துறை கொடுத்த அளவு: கொதித்து ஆறிய தண்ணீர் 9 பங்குக்கு வாட்டர் கிளாஸ் 1 பங்கு. 5 காலன் ஜாடியில் 15 டஜன் முட்டை. கூடவே ஒரு குறிப்பு: இந்த முட்டையை வேகவைக்குமுன் மழுங்கின பக்கத்தில் ஊசியால் குத்துங்கள். துளையெல்லாம் அடைத்திருப்பதால் உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து போக வழியில்லாமல் ஓடு வெடித்துவிடும். முறை வேலை செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அந்தப் பிரசுரங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரு ஜெர்மன் பரிசோதனை. 19ஆம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் செய்தது. 20 விதமான முறைகளில் புது முட்டைகளை வைத்து, 8 மாதம் கழித்து உடைத்துப் பார்த்தார்கள். காகிதத்தில் சுற்றியதில் 80 சதவீதம் கெட்டது. தவிட்டில் புதைத்ததில் 70. அரக்கு வார்னிஷ் அடித்ததில் 40. விறகுச் சாம்பலில் புதைத்ததில் 20 மட்டும்தான், சாம்பலின் காரம் உதவியிருக்க வேண்டும். வாசலின் தடவியது, சுண்ணாம்புத் தண்ணீர், வாட்டர் கிளாஸ் ஆகிய மூன்றில் ஒன்றுகூடக் கெடவில்லை.

உப்புத் தண்ணீரில் போட்டவை 100க்கு 100 தோல்வி. ஆனால் குறிப்பைப் படித்தால் அவை அழுகவில்லை, உப்பு ஏறி வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஜெர்மன்காரர்களுக்கு வேண்டியிருந்தது அன்றைக்கு இட்டது மாதிரி ஒரு முட்டை. சீனாவில் கேள்வியே வேறு. வாத்து முட்டையைச் சில வாரம் உப்பில் ஊறவிட்டால் மஞ்சள் கரு செக்கச்செவேலென்று இறுகி எண்ணெய் விடும். அதை அவித்துக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வார்கள். சிங்கப்பூர், மலேசியாவில் இருந்தவர்கள் சாப்பிட்டிருப்பீர்கள். இன்னொரு வகை, நம்மூர் யூடியூபர்கள் 'நூறு வருஷத்து முட்டை' என்று அலறுவது. சுண்ணாம்பு, சாம்பல், உப்பு, தேயிலை கலந்த பூச்சில் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை இருக்கும், நூறு வருஷமெல்லாம் இல்லை. இங்கே காரத்தை வெளியே நிறுத்தாமல் உள்ளே இறங்க விடுகிறார்கள். வெள்ளைக்கரு நெருப்பே இல்லாமல் பழுப்பு ஜெல்லியாக உறைந்துவிடும். பழைய நாளில் இதில் ஈய ஆக்சைடையும் சேர்த்தார்கள், நம்ம நாட்டு மருந்துக் கடை பாஷையில் மிருதாரசிங்கி. துளைகளை அடைத்துக் காரம் உள்ளே இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்த அது உதவியது. ஈயம் விஷம் என்பதால் இப்போது துத்தநாகச் சேர்மங்கள் போன்ற மாற்றுகள் வந்துவிட்டன.

வியாபார அளவில் சுண்ணாம்புத் தொட்டிகளைக் குளிர்பதனக் கிடங்குகள் மூடிவிட்டன. வீடுகளில் மட்டும் வாட்டர் கிளாஸ் வாளி இரண்டாம் உலகப்போர் வரை இருந்தது. பிரிட்டனில் 1941இலிருந்து முட்டைக்கு ரேஷன். பெரியவர் ஒருவருக்கு வாரம் 1 முட்டை, அதுவும் கிடைத்தால். அதனால் கொல்லையில் கோழி வளர்த்தவர்கள் வசந்தகாலத்து முட்டையை வாளியில் போட்டுக் குளிர்காலத்துக்கு வைத்தார்கள்.

சரி, இவ்வளவு நன்றாக வேலை செய்ததை நான் ஏன் பொள்ளாச்சியில் வேண்டாம் என்கிறேன்?

ரீல் சொல்லாமல் விட்டதில் இருக்கிறது விஷயம். பழைய பிரசுரங்களில் கரைசல் பற்றி நாலு வரிதான். மீதியெல்லாம் எந்த முட்டை உள்ளே போகலாம் என்பதுதான். இட்டு ஒரு நாளுக்குள் இருக்க வேண்டும். விரிசல் கூடாது. அழுக்கு கூடாது. அழுக்கைக் கழுவிப் போடலாமா என்றால் அதுவும் கூடாது. கழுவினால் அந்த மெல்லிய படலம் போய்விடும், ஈரத்தோடு கிருமி துளைக்குள் இறங்கும். அழுக்கு முட்டையை அன்றே சமைத்துவிடு என்கிறார்கள். அமெரிக்காவில் கடை முட்டையைக் கழுவித்தான் விற்கிறார்கள், அதனால்தான் அங்கே அது எப்போதும் குளிரில் இருந்தாக வேண்டும். ஐரோப்பாவில் முதல் தர முட்டையைக் கழுவவே கூடாது என்று சட்டம். சூப்பர் மார்க்கெட்டில் பளிச்சென்று டப்பாவில் வரும் முட்டையை வாங்கிச் சுண்ணாம்பில் போட நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

அடுத்தது, சேவல். கருக்கூடிய முட்டை சூட்டில் வளர ஆரம்பிக்கும். அதனால் முட்டை சேமிக்கும் காலத்தில் சேவலைப் பிரித்துவிடச் சொன்னார்கள். என் தங்கச்சியின் கோழிகளோடு மூன்று சேவல்கள் திரிகின்றன.

மூன்றாவது, ஜாடி இருக்கும் இடம். அவர்கள் சொன்னது குளிர்ந்த நிலவறை, முடிந்தால் 15 டிகிரிக்குள். ஏப்ரல் மாதப் பொள்ளாச்சிச் சமையலறையில் அதற்கு இரண்டு மடங்கு சாதாரணம்.

இவை மூன்றும் அந்தக் காலத்து விதிகள். நாலாவது அவர்களுக்கே தெரியாதது. கிருமி வெளியிலிருந்துதான் வரும், துளையை அடைத்தால் தீர்ந்தது என்பதுதான் பழைய முறைகளின் அடிப்படை. 1980களில் இது ஆட்டம் கண்டது. சால்மொனெல்லா என்டெரிடிடிஸ் என்ற வகை, நோய் அறிகுறியே இல்லாத கோழியின் சினைப்பையிலேயே இருந்துகொண்டு, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடுகிறது என்று தெரிந்தது. 1988 டிசம்பரில் பிரிட்டனில் இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்ட எட்வினா கரீ என்ற துணை அமைச்சர் பதவியே விலக வேண்டியதாயிற்று. பிறகு அங்கே கோழிகளுக்குத் தடுப்பூசி வந்தது.

உள்ளே ஏற்கெனவே இருக்கும் கிருமியைச் சுண்ணாம்புத் தண்ணீர் தொடாது. அங்கே காவல் அந்த இரும்புப் பூட்டுதான். வெள்ளைக்கருவில் சில கிருமிகள் இரும்பு கிடைக்காமல் சும்மா கிடக்கும். ஆனால் மஞ்சள் கருவில் இரும்பு நிறைய. நாளாக ஆகக் கருவின் சவ்வு தளர்ந்து, உள்ளிருப்பது கசிய ஆரம்பித்தால் பூட்டு திறந்துவிடும். 20 டிகிரியில் இதற்குச் சுமார் 3 வாரம் ஆகும். சூடு கூடினால் இன்னும் சீக்கிரம். அதன்பின் கிருமி வேகமாகப் பெருகும். மோசம் என்னவென்றால் சால்மொனெல்லா இருக்கும் முட்டை நாறாது, நிறம் மாறாது. தண்ணீரில் போட்டுப் பார்ப்பது வயதைத்தான் சொல்லும், அதிலும் தண்ணீருக்குள்ளேயே கிடந்த முட்டையில் நீர் குறையாததால் அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. அமெரிக்காவில் வீட்டு உணவுப் பாதுகாப்புக்கு வழிகாட்டும் பல்கலைக்கழக மையங்களே இப்போது இந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை.

இவ்வளவையும் போனில் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அண்ணா, நான் அப்பவே 30 முட்டை போட்டுட்டனுங்ணா."

ரீல் அனுப்பிய அன்றே போட்டிருக்கிறாள். ஐந்து வாரம் ஆகியிருந்தது. அடுத்த சனிக்கிழமை நானே போனேன். கொல்லையில் வைத்து ஒவ்வொன்றாகப் பழைய தட்டில் உடைத்தோம். 26 முட்டையில் நாற்றம் எதுவும் இல்லை, ஆனால் வெள்ளை தண்ணீராக ஓடியது, பாதிக்கு மேல் கரு தட்டில் விழுந்ததுமே கலைந்துவிட்டது. இரண்டில் ரத்த நரம்பு ஓடியிருந்தது, சேவல் புண்ணியம். மீதி இரண்டை உடைத்த கையோடு இருவரும் எழுந்து ஓடினோம்.

போடுவதற்கு முன்னால் எச்சம் ஒட்டியிருந்த சில முட்டைகளைக் குழாயில் கழுவிப் போட்டாளாம். எவ்வளவு என்று கேட்டேன். நாலோ அஞ்சோ. நாறிய இரண்டும் அதில் இருந்தவைதானா? அவள் குறித்து வைக்கவில்லை. பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தால்கூடப் போதும், இன்றைக்கு எனக்கு உருப்படியாக ஒரு தரவு கிடைத்திருக்கும். அந்த ஆதங்கம் இன்னும் போகவில்லை.

எல்லாவற்றையும் தென்னைக்கு அடியில் குழி தோண்டிப் போட்டு மூடினோம். இப்போது அவள் முட்டை எடுத்ததும் ஓட்டில் பென்சிலால் தேதி எழுதுகிறாள். கழுவுவதில்லை, அழுக்கானது அன்றைக்கே குழம்புக்குப் போகிறது. மிஞ்சுகிற வாரத்தில் உடைத்து, அடித்து, டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைக்கிறாள். சேவல்களைத் தனியாக அடைக்க ஒரு கூண்டு செய்யச் சொல்லியிருக்கிறாள், ஆசாரி இன்னும் வரவில்லை.